250 வாக்கு வித்தியாசமும் 36 திட்டங்களும்: சிகாகோவின் 49ஆவது வார்டு

2007 ஏப்ரலில் சிகாகோ மாநகராட்சியின் 49ஆவது வார்டில் ஜோ மூர் மறுபடியும் கவுன்சிலர் ஆனார். 1991 முதல் அந்த இடத்தில் இருந்தவர். பிப்ரவரியில் நடந்த முதல் சுற்றில் பாதி வாக்கை மயிரிழையில் தவறவிட்டதால், இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டார். அதிலும் அவர் தப்பியது வெறும் 250 சொச்சம் வாக்கில். பதினாறு வருடம் கவுன்சிலராக இருந்தவருக்கு இது வெற்றியே இல்லை, எச்சரிக்கை.

நான்கு வருடம் கழித்து, 2011இல், அதே மனிதர் அதே வார்டில் 72 சதவீத வாக்கு வாங்கினார். இன்னும் எட்டு வருடம் கழித்து, 2019இல், படுதோல்வி அடைந்தார். அவரைத் தோற்கடித்தவர், 2011 வெற்றிக்கு வழிவகுத்த அதே திட்டத்தில் கூடவே உழைத்த ஒரு வார்டுவாசி. வார்டு அரசியலைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். மறுதேர்தலுக்கு நிற்கும் கவுன்சிலர் தெருவுக்கும் கடைக்கும் என்ன செய்ய முடியும், எதைச் செய்தால் மக்கள் நம்புவார்கள், எங்கே அந்த நம்பிக்கை உடையும் என்று மூன்றையும் ஒரே வார்டில் பார்க்கலாம்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சிகாகோவில் 50 வார்டுகள், வார்டுக்கு ஒரு கவுன்சிலர். அங்கே அவர்களை நெடுங்காலமாக ஆல்டர்மன் என்றே அழைத்துவந்தார்கள். நான்கு வருடப் பதவி. கட்சிச் சின்னம் கிடையாது. ஒரு வார்டில் சுமார் 55 ஆயிரம் பேர். 49ஆவது வார்டின் பெரும்பகுதி ரோஜர்ஸ் பார்க், நகரத்தின் வடகிழக்கு மூலை. கிழக்கே மிச்சிகன் ஏரி, வடக்கே ஹோவர்ட் தெருவைத் தாண்டினால் எவன்ஸ்டன் என்ற வேறு ஊர். லயோலா பல்கலைக்கழகம் இங்கேதான் இருக்கிறது. கறுப்பர், வெள்ளையர், மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள், ஆப்பிரிக்கா, ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்று எல்லோரும் கலந்து வாழும் பகுதி. வாடகைக்குக் குடியிருப்பவர்கள் நிறைய. தெற்கு எல்லையான டெவன் அவென்யூவை அமெரிக்கத் தமிழர்கள் பலருக்கும் தெரியும். படேல் பிரதர்ஸ் 1974இல் முதல் கடையைத் திறந்தது அந்தத் தெருவில்தான். அந்த இந்தியக் கடைவரிசை சற்று மேற்கே, பக்கத்து வார்டில் இருக்கிறது.

வாத்து ஈரலும் தெருக் குழியும்

2007இல் மூருக்கு ஏன் அவ்வளவு நெருக்கடி? அவர் சும்மா இருந்தவர் இல்லை. 2006இல் பெரிய சங்கிலிக் கடைகளுக்கு எதிராக ஒரு சட்டத்தை முன்னின்று கொண்டுவந்தார். வருடத்துக்கு 100 கோடி டாலர் விற்பனை உள்ள நிறுவனம் 90 ஆயிரம் சதுர அடிக்கு மேல் கடை போட்டால், 2010க்குள் ஊழியருக்கு மணிக்கு 10 டாலர் கூலியும் 3 டாலர் மதிப்புள்ள சலுகைகளும் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். மன்றத்தில் 35க்கு 14 என்று நிறைவேறியது. மேயர் ரிச்சர்ட் டேலி, தன் 17 வருடப் பதவிக்காலத்தில் முதல் முறையாகத் தடுப்பதிகாரத்தைப் பயன்படுத்தி அதை நிறுத்தினார். மேயரின் தடையை மீற 34 வாக்கு வேண்டும், கிடைத்தது 31. அதே வருடம், வாத்தைக் கட்டாயப்படுத்தித் தீனி ஊட்டி எடுக்கும் ஃபுவா க்ரா என்ற ஈரலை உணவகங்களில் விற்கக் கூடாது என்ற தடையையும் மூர்தான் கொண்டுவந்தார். அது நாடு முழுக்கப் பேசப்பட்டது. 2008இல் மன்றமே அதை ரத்தும் செய்தது.

தொழிலாளர் கூலிக்காக அவர் போராடியது சரியான காரியம் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் வார்டில் இருப்பவருக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? வீட்டு வாசலில் நடைபாதை பிளந்து கிடக்கிறது, ரயில் பாலத்துக்கு அடியில் இருட்டு, நம் கவுன்சிலரோ தொலைக்காட்சியில் வாத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். எதிர்த்து நின்றவர்கள் இதைத்தான் வீடு வீடாகச் சொன்னார்கள். 250 வாக்கு வரைக்கும் அது வேலை செய்தது.

மெனு பணம்

சிகாகோவில் ஒவ்வொரு கவுன்சிலருக்கும் வருடாவருடம் வார்டு வேலைக்கென்று ஒரு தொகை ஒதுக்குகிறார்கள். அப்போது அது ஏறத்தாழ 13 லட்சம் டாலர். ஊரில் அதற்குப் பெயர் மெனு பணம். காரணம் எளிது. மாநகராட்சியின் போக்குவரத்துத் துறை ஓட்டல் மெனு கார்டு மாதிரி ஒரு விலைப்பட்டியலை அனுப்பும். ஒரு தெருவுக்கு மறுதார் போட இவ்வளவு, நடைபாதை சிமெண்ட்டுக்கு இவ்வளவு, சந்துக்கு, வேகத்தடைக்கு, தெருவிளக்குக்கு இவ்வளவு என்று. கவுன்சிலர் அதைப் பார்த்து டிக் அடித்து அனுப்புவார். யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அந்த அலுவலகத்துக்குப் போன் செய்து நச்சரிப்பவரின் தெருவுக்குத்தான் முதலில் தார் வரும். நம் ஊர் வார்டு நிதியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு முக்கியமான விஷயம், பின்னால் தேவைப்படும்: இது நகராட்சி கடன் பத்திரம் விற்றுத் திரட்டும் பணம். அதனால் தரையில் நிற்கும் பொருளுக்கு மட்டும்தான் செலவழிக்கலாம். சம்பளம் கொடுக்க, வகுப்பு நடத்த, ஒருவருக்கு வீட்டு வாடகை கட்ட அதில் இடமில்லை.

தேர்தல் முடிந்த அதே 2007 கோடையில் அட்லாண்டாவில் நடந்த சமூக மன்றக் கூட்டம் ஒன்றில், பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரத்தைப் பற்றி மூர் கேள்விப்பட்டார். அந்த ஊரில் 1989 முதல் மாநகராட்சி பட்ஜெட்டில் ஒரு பகுதியை மக்களே கூடி முடிவு செய்துவந்தார்கள். இதை என் மெனு பணத்துக்குச் செய்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. அதுவரை அமெரிக்காவில் எந்த மக்கள் பிரதிநிதியும் தன் பணத்தை அப்படிக் கையளித்ததில்லை.

2009இல் வார்டில் இருந்த குடியிருப்போர் சங்கங்கள், பள்ளிகள், வணிகர் அமைப்பு, கோயில்கள் என்று எல்லா இடத்திலிருந்தும் ஆள் அழைத்து ஒரு குழு போட்டார். விதிமுறையை அவர்களே எழுதினார்கள். அந்த வருடக் கடைசியில் பேட்டை பேட்டையாகக் கூட்டம். யார் வேண்டுமானாலும் வந்து என்ன வேண்டும் என்று சொல்லலாம். அங்கேயே தன்னார்வலர்கள் முன்வந்தார்கள். போக்குவரத்துக்கு ஒரு குழு, பூங்காவுக்கு ஒன்று, பாதுகாப்புக்கு ஒன்று, கலைக்கு ஒன்று என்று பிரிந்து, குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அந்த யோசனைகளைத் திட்டமாக்கினார்கள்.

எனக்கு இந்தக் குளிர்கால மாதங்கள்தான் முக்கியம். ஒரு சாதாரண வார்டுவாசி அப்போது என்னென்ன கற்றுக்கொண்டிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பூங்காவில் ஒரு பெஞ்சு போட வேண்டும் என்றால், பூங்கா மாநகராட்சியுடையதே இல்லை, தனிப் பூங்கா ஆணையத்துடையது; அவர்கள் சம்மதம் வேண்டும். ரயில் நிலையத்தில் காத்திருக்க நிழல் வேண்டும் என்றால் அது போக்குவரத்து ஆணையத்தின் இடம். ஒரு சிக்னல் கம்பத்தின் விலையைக் கேட்டபிறகு, பத்து நடைபாதைகளைச் சரிசெய்வதா ஒரு சிக்னலா என்று தாங்களே கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டும். கவுன்சிலர் ஏன் நம் தெருவுக்கு வரவில்லை என்று கோபப்பட்டுக்கொண்டிருந்தவர், கவுன்சிலரின் நாற்காலியில் ஆறு மாதம் உட்கார்ந்து பார்த்த மாதிரி இது.

2010 ஏப்ரலில் வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டில் 36 திட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அதன் செலவு. ஒருவருக்கு எட்டு வாக்கு. பதினாறு வயது நிரம்பிய, வார்டில் குடியிருக்கும் யாரும் வாக்களிக்கலாம், குடியுரிமையோ விசாவோ கேட்கப்படாது. 1,652 பேர் வந்து வாக்களித்தார்கள். வரிசைப்படி பணம் தீரும் வரை எடுத்ததில் 14 திட்டங்கள் தேறின. நடைபாதை பழுது, சைக்கிள் பாதை, சமூகத் தோட்டம், நாய்களை அவிழ்த்துவிடும் பூங்கா, தெருவிளக்கு, ரயில் பாலத்து அடிச்சுவர்களுக்கு ஓவியம் எல்லாம் அதில் இருந்தன.

அந்த ஓவியத்தை நான் சும்மா அலங்காரமாக எடுத்துக்கொள்ளவில்லை. ரோஜர்ஸ் பார்க்கில் ரயில் தண்டவாளம் உயரமான மண்மேட்டில் ஓடுகிறது. தெருக்கள் அதற்கு அடியில் குட்டைச் சுரங்கம் மாதிரி கடந்துபோகும். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் கடைத்தெரு என்றால் நடுவில் அந்த இருட்டைத் தாண்டித்தான் போக வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு அம்மா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போவாரா, மாட்டாரா என்பதில்தான் மோர்ஸ் அவென்யூவில் சின்ன உணவகம் வைத்திருப்பவரின் வியாபாரம் இருக்கிறது. மெனு கார்டை வைத்துக்கொண்டு டிக் அடிக்கும் கவுன்சிலருக்கு இது தோன்றாது. அந்த வழியாகத் தினமும் நடப்பவருக்குத் தோன்றும்.

கணக்கையும் பார்ப்போம். 55 ஆயிரம் பேரில் 1,652 என்பது மூன்று சதவீதம்தான். வந்தவர்களிலும் சொந்த வீட்டுக்காரர்களும் வெள்ளையர்களும் அதிகம், ஸ்பானிய மொழி பேசுபவர்கள் குறைவு. அடுத்தடுத்த வருடங்களில் ஸ்பானிய மொழியிலேயே கூட்டம் நடத்தி அதைச் சரிசெய்யப் பார்த்தார்கள். வாக்குச்சீட்டையும் மாற்றினார்கள்: மொத்தப் பணத்தில் தெருத் தாருக்கு எத்தனை சதவீதம் போகலாம் என்பதை முதலில் கேட்டுவிட்டு, மீதிக்குத்தான் மற்ற திட்டங்கள். தார் கேட்பவரும் தோட்டம் கேட்பவரும் முட்டிக்கொள்ளாமல் இருக்க நல்ல வழி. மூன்று சதவீதம்தானே என்று தள்ளிவிடுபவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். மூர் 2007இல் பிழைத்தது 250 சொச்சம் வாக்கில். அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் ஆட்கள் ஒரு வேலைநாளிலோ சனிக்கிழமையிலோ நடந்துவந்து, தங்கள் தெருவின் கணக்கைப் படித்து, முத்திரை குத்திப் போயிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் வீட்டில் போய்ப் பேசியிருப்பார்கள். 2011இன் 72 சதவீதத்துக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். இது பெரிய காரணம்.

சரி, கடைக்காரர்களுக்கு? மெனு பணத்தால் கடைக்கு நேரடியாக ஒன்றும் தர முடியாது. அதற்கு சிகாகோவில் தனி ஏற்பாடு உண்டு. ஒரு கடைவீதியை எல்லை போட்டு, அதற்குள் இருக்கும் சொத்துகளுக்கு மட்டும் சொத்துவரியோடு கொஞ்சம் கூடுதலாக வசூலித்து, அந்தப் பணத்தை அந்த வீதிக்கே செலவழிப்பார்கள். பனி அள்ள, நடைபாதை கூட்ட, கடை முகப்பைப் புதுப்பிக்கும் செலவில் ஒரு பங்கு திருப்பிக் கொடுக்க. ஹோவர்ட், கிளார்க், ஷெரிடன் என்று ரோஜர்ஸ் பார்க்கின் கடைவீதிகள் இந்த வகையில் வருகின்றன. நிர்வாகம் ரோஜர்ஸ் பார்க் பிசினஸ் அலையன்ஸ் என்ற வணிகர் அமைப்பின் கையில். 2010இல் க்ளென்வுட் தெருவில் தொடங்கிய ஞாயிற்றுக்கிழமைச் சந்தையை நடத்துவதும் அவர்கள்தான். விவசாயிகள் நேராகக் கொண்டுவந்து விற்பார்கள். அரசு உணவு உதவி அட்டையையும் வாங்கிக்கொள்வார்கள்.

கவுன்சிலரின் கையெழுத்து

இதுவரை சொன்னது சின்னப் பணம். சிகாகோ கவுன்சிலரின் உண்மையான அதிகாரம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு தையற்கடைக்காரர் தன் கடை வாசலில் நடைபாதைக்கு மேலே நீட்டிக்கொண்டு ஒரு வெயில் மறைப்புத் துணி கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடை அவருடையது, நடைபாதைக்கு மேலிருக்கும் வெளி நகரத்துடையது. அதனால் அதற்கு மாநகராட்சி மன்றத்திலேயே ஒரு தீர்மானம் நிறைவேற வேண்டியிருந்தது. வார்டு கவுன்சிலர்தான் அதைக் கொண்டுவருவார். பெயர்ப்பலகை நீட்டினாலும் அதேதான். உணவகம் வெளியே நாலு மேசை போட வேண்டுமானாலும் அவரைத்தான் பார்க்க வேண்டும். நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதென்றால் கேட்கவே வேண்டாம்: அந்த வார்டின் கவுன்சிலர் வேண்டாம் என்றால் மற்ற 49 பேரும் வேண்டாம் என்று விடுவார்கள். எந்தச் சட்டத்திலும் எழுதாத வழக்கம் இது, ஆனால் சட்டத்தைவிட உறுதியாக நின்றது.

இதன் கெட்ட முகத்தை 2019 ஜனவரியில் நாடே பார்த்தது. தென்மேற்குச் சிகாகோவின் 14ஆவது வார்டில் 1969 முதல் இருந்த எட்வர்ட் பர்க் மீது மத்திய அரசு வழக்குப் போட்டது. தன் வார்டில் கடையைப் புதுப்பித்துக்கொண்டிருந்த பர்கர் கிங் உரிமையாளரிடம், அனுமதியை நிறுத்திவைத்து, சொத்துவரி வழக்குகளைத் தன் சட்ட நிறுவனத்துக்குத் தரும்படி நெருக்கினார் என்பது குற்றச்சாட்டுகளில் ஒன்று. 2023 டிசம்பரில் நடுவர் குழு அவரைக் குற்றவாளி என்றது. 2024இல் இரண்டு வருடச் சிறை. 2019 மேயில் பதவியேற்ற மேயர் லோரி லைட்ஃபுட், முதல் நாளே கையெழுத்திட்ட ஆணையில், அனுமதிகளில் கவுன்சிலர்களின் இந்தத் தடைபோடும் உரிமையைக் குறைக்கத் துறைகளுக்கு உத்தரவிட்டார். நிலப் பயன்பாட்டில் வழக்கம் பெரும்பாலும் அப்படியே தொடர்ந்தது.

மூர் மீது அப்படிப்பட்ட வழக்கு எதுவும் இல்லை. அதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நேர்ந்தது வேறு. 2011க்குப் பிறகு அவர் மேயர் ராம் இமானுவேலுக்கு நெருக்கமானார். மேயரோடு மோதிப் பெயர் வாங்கியவர் மேயரின் அணியில் உட்கார்ந்தது பழைய ஆதரவாளர்களை வருத்தியது. அப்புறம் டார்கெட் விவகாரம் வந்தது. ஷெரிடன் சாலையில், டெவனுக்குப் பக்கத்தில், நகர வீட்டுவசதி ஆணையத்தின் இடத்தில் 111 வீடுகள் கொண்ட கட்டடம். அதில் 65 வீடு ஆணையத்தின் மானிய வீடுகள். தரைத்தளத்தில் டார்கெட் சங்கிலியின் சிறிய வடிவக் கடை. மூர் ஆதரித்தார். மானிய வீடு தேவையானது, அதை எதிர்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பெரிய நிறுவனங்களைக் கேள்வி கேட்ட அதே கவுன்சிலர், சின்னக் கடைகள் நிறைந்த வீதிக்கு டார்கெட்டை அழைத்துவருகிறார் என்றபோது குடியிருப்பவர்களும் கடைக்காரர்களும் எழுப்பிய எதிர்ப்புக்கு நியாயம் இருந்தது. நாய்ப் பூங்காவுக்கும் சைக்கிள் பாதைக்கும் எங்கள் வாக்கு வேண்டும், வார்டின் முகத்தையே மாற்றும் கட்டடத்துக்கு வேண்டாமா என்று கேட்டால் என்ன பதில் சொல்வது? மூரின் பிழை இங்கேதான் என்பது என் கணிப்பு. சின்னப் பணத்தை மக்கள் கையில் கொடுத்து, கணக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்தார். கற்றுக்கொண்டவர்கள் அடுத்து பெரிய கணக்கைக் கேட்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

அப்படிக் கற்றுக்கொண்டவர்களில் ஒருவர் மரியா ஹேடன். 2009இல் தொடங்கிய முதல் பட்ஜெட் சுற்றிலேயே வார்டுவாசியாக வந்து உழைத்தவர். பிறகு, மக்களே செலவை முடிவு செய்யும் இந்தப் பங்கேற்பு பட்ஜெட்டை மற்ற ஊர்களுக்குக் கொண்டுபோகும் அமைப்பிலேயே வேலைக்குச் சேர்ந்தார். அதற்குள் இந்த யோசனை 2011இல் நியூயார்க்கின் நான்கு கவுன்சிலர்களிடமும், 2012இல் கலிஃபோர்னியாவின் வல்லேஹோவில் நகரம் முழுமைக்குமாகவும் பரவியிருந்தது. 2019 பிப்ரவரியில் ஹேடன் மூரை நேருக்கு நேர் எதிர்த்து, 60 சதவீதத்துக்கு மேல் வாக்கு வாங்கி ஜெயித்தார். அது பழைய கவுன்சிலர்கள் பலர் வீழ்ந்த வருடம், பர்க் வழக்கின் சூடும் இருந்தது. அதையெல்லாம் கழித்தாலும் 28 வருடம் இருந்தவருக்கு அது பெரிய வித்தியாசம்.

கூடாரங்கள்

ஹேடன் தன் முதல் மறுதேர்தலைச் சந்தித்தது 2023இல். கொரோனாவுக்குப் பிறகு கிளார்க்கிலும் ஹோவர்டிலும் கடைகள் மூச்சுவிடத் தொடங்கியிருந்த நேரம். வார்டில் எல்லோரும் பேசியது டூஹி பூங்காவைப் பற்றி. வீடில்லாதவர்கள் அங்கே கூடாரம் போட்டுக் குளிர்காலத்தையும் கழித்தார்கள். பூங்கா எங்கள் பிள்ளைகளுக்கு வேண்டும், காலி செய்யுங்கள் என்று ஒரு பக்கம். அவர்களைத் துரத்தினால் எங்கே போவார்கள் என்று மறுபக்கம். வீடு கிடைக்காமல் துரத்த மாட்டேன் என்ற நிலையில் ஹேடன் நின்றார். தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் இப்படி நிற்பது எளிதில்லை. இருவர் எதிர்த்து நின்றும் முதல் சுற்றிலேயே ஜெயித்தார்.

ஆனால் மெனு பணத்தால் அந்தக் கூடாரத்தில் இருப்பவருக்கு ஒரு மாத வாடகைகூடக் கட்ட முடியாது. பெஞ்சு வாங்கலாம், விளக்குப் போடலாம், அவ்வளவுதான். வார்டு எல்லைக்குள் தீராத விஷயம் என்பது ஹேடனுக்குத் தெரிந்திருந்தது. அதனால் நகரம் முழுவதற்குமான ஒரு திட்டத்தை மன்றத்தில் முன்னின்று நடத்தினார். சிகாகோவில் சொத்து கைமாறும்போது வாங்குபவர் கட்டும் நகர வரி 0.75 சதவீதம். 10 லட்சம் டாலர் வரையிலான பகுதிக்கு அதை 0.60 ஆகக் குறைப்பது, அதற்கு மேல் 15 லட்சம் வரை 2 சதவீதம், அதற்கும் மேலே 3 சதவீதம். கூடுதலாக வரும் பணம் வீடில்லாதவர்களுக்கு. சாதாரண வீடு வாங்குபவருக்கு வரி குறையும். ஆனால் கீழே கடையும் மேலே நாலு குடித்தனமுமாக இருக்கும் பழைய தெருமுனைக் கட்டடங்கள் பல 10 லட்சத்தைத் தாண்டும். அந்தச் சுமை கடைசியில் கடை வாடகையில்தான் வந்து விழும் என்று கட்டட உரிமையாளர்கள் பிரசாரம் செய்தார்கள், நீதிமன்றத்துக்கும் போனார்கள். அந்தப் பயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் எனக்கு வாக்கு இருந்திருந்தால் ஆதரித்துத்தான் போட்டிருப்பேன்.

2024 மார்ச் 19 அன்று இந்த வரி மாற்றம் வேண்டுமா என்ற கேள்வி நகரம் முழுவதும் வாக்குச்சீட்டில் வந்தது. தோற்றது.